சுழிக்கை

சமையலறைக் குழாய் மூன்று நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்று, அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார் திருமூர்த்தி.

"ஒரு வாஷரு. சுண்டுவெரல் தண்டி ரப்பரு. அதெ மாத்தறதுக்குச் செவ்வாக்கெழமெ ஆளு வருவானாமா!"

"வேணும்னா மொறச்சுப் பாருங்க மாமா. பயந்துட்டு நின்னாலும் நிக்கும்," என்றாள் மனைவி கோகிலவாணி, இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தபடி.

அவர் சிரிக்கவில்லை. ஹாலுக்குப் போனார். வாசலுக்குப் போனார். போர்ட்டிகோவில் உறை போட்டு நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பவும் குழாயிடமே வந்து நின்றார். ஒன்பது வருடமாக அந்த வீட்டில் இதே நடைதான். கைக்கு வேலை இல்லாதவனுக்குக் கால்தான் அலையும் போலிருக்கிறது.

ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் ரேஸ் வண்டி வைத்திருந்த பணக்காரப் பிள்ளைகள் எல்லாம் இவருக்காகக் காத்துக் கிடந்தார்கள். எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் இன்றைக்குத் தன் வீட்டுக் குழாயில் ஒரு வாஷர் மாற்ற முடியாது. மாற்றக் கூடாது. ஏனென்றால் அவர் கை சுழிக்கை.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கைச்சட்டம் நல்லதற்குத்தான் வந்தது. எந்தச் சட்டம்தான் கெட்டதற்கு என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது? லிஃப்ட் அறுந்து விழுந்தது, ராட்டினம் கழன்று பறந்தது, கேட்டால் யாரும் பொறுப்பில்லை. மேலிருப்பவன் கீழே கையைக் காட்டினான், கீழிருப்பவன் மேலே காட்டினான். ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அப்போது வந்த சட்டம் இது. புதிதாகச் செய்கிற திருகு, நட்டு, வாஷர், ஆபரேஷன் கத்தி, எல்லாவற்றிலும் குறுநொய் அளவுக்கு ஒரு மின்னணுச் சில்லு. பொருத்துகிறவன் யார், எவ்வளவு முறுக்கினான், கை நடுங்கியதா என்பதை அது கருவி வழியாகவே படித்துவிடும். அந்தச் சாமானைக் கழற்றுகிற வரைக்கும் அதனால் எது நடந்தாலும் பொறுப்பு அந்தக் கைக்குத்தான்.

நூற்றுக்கு இத்தனை என்று ஒவ்வொருவர் கைக்கும், இதற்கென்றே அமைத்த வாரியம் ஒரு மதிப்பெண் போட்டது. நம் ஜனங்களுக்கு விளக்கம் தேவைப்படவே இல்லை. 'அட, நம்ம கைராசி! அதெத்தான் இப்ப மிஷினு சொல்லுது' என்று ஒரே நாளில் புரிந்துகொண்டார்கள். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில், நாத்தனாரின் கை முப்பத்தெட்டு என்று கடைசி நேரத்தில் தெரிந்து, தாலியின் மூன்றாவது முடிச்சை வேறு ஒருத்தியை வைத்துப் போட்டார்கள். தாலிக்கயிற்றில் சில்லு எங்கே இருக்கிறது? யார் கேட்டார்கள்? அந்தப் பெண் பந்தியில் உட்காராமலே போய்விட்டாள்.

கோகிலவாணி கண் டாக்டர். அவள் கை தொண்ணூற்றேழு. ஊரிலேயே அப்படிப்பட்ட கை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைய முடியாது. புருஷன் கையோ சுழி, வெறும் பூஜ்யம். ஒரே கட்டிலில் தொண்ணூற்றேழும் சுழியும்.

அந்தச் சுழி வந்த கதை ஊருக்கே தெரியும். பூபாலன் என்று ஒரு சிநேகிதன், உடன்பிறந்தான் மாதிரி. அவனுடைய டர்போ காருக்கு இவர், எஞ்சினில் பொறி தட்டுகிற பிளக் மாட்டிக் கொடுத்தார். மறுநாள் கோத்தகிரி மலைப்பாதையில் தேயிலை லாரியை முந்தும்போது வண்டி திணறி நின்றது. எதிரே பஸ். பூபாலன் அங்கேயே முடிந்துபோனான். வாரியம் பிளக்கைப் படித்தது, திருமூர்த்தியின் கை என்றது, சுழி போட்டது. பிணவறை வாசலில் பூபாலன் மனைவி சுகந்தி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உன் கை வெளங்காமப் போகோணும்" என்று மண்ணை வாரி இறைத்தாள். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது சாப்பிட உட்கார்ந்தும் அவர் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாரே தவிர வாயில் போடவில்லை. கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை.

"மலைப்பாதையில பெட்ரோல் வண்டிக்கு நாளைக்குத்தான் கடெசி நாளு, அப்பறம் தடை. அதானே உங்களுக்கு?"

"எனக்கென்ன? நான் ஒண்ணுஞ் சொல்லலியே."

"ஒண்ணுஞ் சொல்லாமத்தான் விடியக்காலம் நாலு தரம் உறையெத் தூக்கிப் பாத்தீங்களாக்கும்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நடந்தார். "ஒரே ஒரு தரம் அந்த வளைவு வரைக்கும் போய்ட்டு வரலாம்னு பாத்தேன் வாணி. பூபாலன் போன எடத்துக்கு. ஒம்போது வருசமா அந்தப் பக்கம் தலெ வெக்கல. நாளைக்கு உட்டா இந்த வண்டி ஏறாது. ஆனா பிளக்கு தேஞ்சு போச்சு. சும்மா நின்னா உறுமுது. அழுத்துனா இருமுது."

"சர்வீஸ் சென்டரு?"

"மிஷினு இந்தப் பழைய மாடலத் தொடாது. நல்ல கையிருக்கிறவன் சுழிக்காரன் வண்டியத் தொடமாட்டான்."

"நான் மாட்டறேன்."

நடந்துகொண்டிருந்த கால் நின்றது. "எதெ?"

"பிளக்கெ. புதுசு வாங்கி பீரோவுல ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு தெரியும். நீங்க சொல்லுங்க, நான் மாட்டறேன்."

"கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? நாளன்னைக்கு ஆபரேஷன வெச்சுட்டு! ஒரு பிளக்கு தவறுனா உன் தொண்ணூத்தேழு எங்க போய் நிக்கும் தெரியுமா?"

"கண்ணுக்குள்ள லென்ஸ் வெக்கிற கைங்க இது."

"எஞ்சின் அலுமினியம், கண்ணு இல்ல அம்மிணி," என்றார். ஆனால் சொல்லும்போதே அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு அவள் பின்வாங்கவில்லை. உள்ளுக்குள் பயம்தான். பயமில்லை என்று யார் சொன்னார்கள்?

மறுநாள் ஞாயிறு காலை. போர்ட்டிகோவில் உறை கழன்று கருநீல டர்போ பளபளத்தது. திருமூர்த்தி சாக்பீஸ் எடுத்துத் தரையில் வண்டியைச் சுற்றி ஒரு கோடு போட்டார். சாமான் பொருத்துகிற நேரத்தில் சுழிக்கை மூன்றடிக்குள் வந்தால் ஸ்பேனரே அதை மோப்பம் பிடித்துப் பதிந்துவிடும். கோட்டுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"எஞ்சின் சில்லுனு இருக்குதா? தொட்டுப் பாரு. சூடா இருக்கறப்பக் கழட்டுனா திருகு மரையெல்லாம் பேத்துட்டு வந்துரும். சரி, மொதல்ல மூடியெ எடு. குழியில தூசு இருக்கும், ஊதி உடு. அந்தத் தூசு சிலிண்டருக்குள்ள உளுந்துதுன்னா தீந்துது கதெ."

அவள் ஊதினாள். நான்கு பிளக்குகளின் மேலும், மின்சாரம் கொடுக்கிற காயில் குச்சி மாதிரி ஒவ்வொன்று நின்றது. அதன் பிளாஸ்டிக் கொக்கி பழசாகி முறுகியிருந்தது. நகத்தால் மெல்ல நெம்பிக் கழற்றினாள். காயிலை உருவி, நீளக் குழாய் ஸ்பேனரை உள்ளே விட்டு, பழைய பிளக்கைத் திருப்பினாள். கிறீச் என்றது. சட்டென்று நிறுத்தினாள்.

"பயப்படாத. அது அப்புடித்தான் கத்தும். கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்ன. கொழந்தெ கையிலிருந்து பொம்மையெ வாங்கற மாதிரி."

நான்கும் வந்தன. புதிய பிளக்குகளை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, முனையின் இடைவெளியைக் கம்பி வைத்து அளந்தாள்.

"சாதா வண்டியெ விட இதுக்கு இடைவெளி கம்மி. எனத்துக்குன்னு கேளு."

"எனத்துக்குங்க?"

"டர்போ காத்தெ அமுக்கி அமுக்கி உள்ளாற தள்ளுது. அந்த அமுக்கத்துல பொறி குதிச்சுத் தாண்டறது கஷ்டம். தாண்ட முடியலீன்னா சும்மா இருக்காது, வேற வழி தேடும். வாய்க்காத் தண்ணி மாதிரிதான். வரப்புல ஒரு எலிவளை இருந்தாப் போதும், அது வழியா ஓடிப் போயிரும்." நெடுநாளைக்குப் பிறகு தன் தொழிலைப் பேசுகிற சந்தோஷத்தில் அவர் கோட்டை மிதிக்கப் போய், பதறிப் பின்வாங்கினார். "பாத்தியா, நிக்க எடங்கூடக் குடுக்கல இந்தச் சட்டம்."

"சட்டத்தெத் திட்டாதீங்க. எங்க ஆஸ்பத்திரியில தப்பு பாதியாக் கொறஞ்சிருக்குது."

"வைத்தியமும் பாதியாக் கொறஞ்சிருச்சே, அதெச் சொல்லலியே? சிக்கலான கண்ணெ இப்ப எவன் தொடறான்? எல்லாவனும் சுளுவான கண்ணாப் பாத்துப் பொறுக்கறான்."

அவளுக்குச் சுருக்கென்றது. போன வாரம் அவளே ஒரு கிழவரை, சிக்கலான கண் என்று மதுரைக்குப் போகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இரு, டார்க் ஸ்பேனர் பரண்மேல இருக்குது. அது இல்லாம முறுக்கக் கூடாது," என்று அவர் உள்ளே போனார்.

அவள் தனியாக நின்றாள். துணியின் மேல் நான்கு பிளக். இரும்பு உடம்பு, அதற்கு மேலே வெள்ளைப் பீங்கான். நாளைக்குக் காலையில் தியேட்டர் வாசலில் சுவர் அவள் கையைப் படித்து, கதவு திறக்காமல் போனால்? இருபது வருடப் படிப்பு, இருபது வருடக் கை. ஐயோ, ஏன்தான் ஒத்துக்கொண்டோம் என்று தவித்தது மனசு. விறுவிறுவென்று பூஜை அலமாரிக்குப் போனாள். கல்யாணமான புதிதிலிருந்து வண்டிச் சாமானுக்கெல்லாம் பொட்டு வைப்பவள்தான் அவள். இவர் பார்த்தால் சிரித்துக்கொண்டே துடைத்துப் போடுவார். சந்தனத்தைக் குழைத்து, குங்குமம் தொட்டு, வெறும் நெற்றி மாதிரி இருந்த அந்தப் பீங்கானில் நான்கு பொட்டு வைத்தாள். 'முருகா, கையெக் காப்பாத்து' என்று முனகினாள். படித்த டாக்டர் செய்கிற காரியமா இது என்று வெட்கமாகவும் இருந்தது. காலடி கேட்டதும் விரலைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு நான்கு பிளக்குகளையும் மளமளவென்று குழிக்குள் இறக்கினாள்.

ஸ்பேனரைக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் தரையில் தள்ளிவிட்டார். "மொதல்ல கையாலயே சுத்தோணும். தானா எறங்கோணும். மல்லுக்கட்டுனா மரெ போயிரும். நல்லாப் பாத்தியா? சுத்தமா இருக்குதா?"

"இருக்குதுங்க, இருக்குது."

எட்டிப் பார்க்கத்தான் அவர் கழுத்தை நீட்டினார். கோடு தடுத்தது. அவள் முறுக்கினாள். முறுக்கு அளவு வந்ததும் டார்க் ஸ்பேனர் 'டக்' என்று நிறுத்தச் சொன்னது. நான்கு தடவை டக். காயில்களை அழுத்தி, கொக்கி மாட்டி, மூடியைப் போட்டாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பட்டுப் போல உறுமியது. திருமூர்த்தி கையைத் தட்டி, "அடி சக்கை!" என்று சின்னப் பையன் மாதிரி குதித்தார்.

மேட்டுப்பாளையம் ரோடு. காரமடை தாண்டும் வரை வண்டி சொன்னபடி கேட்டது. ஓட்டுவதற்குச் சுழிக்கை தடையில்லை என்பதால் அவர்தான் ஓட்டினார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. முன்னால் ஒரு மில் பஸ் போய்க்கொண்டிருந்தது. எதிரே ரோடு காலி.

"புடிச்சுக்க," என்று அழுத்தினார்.

டர்போ ஒரு பெருமூச்சு விட்டது. வண்டி பாய்ந்தது. பஸ்ஸின் பாதி நீளம் தாண்டியதும் திடீரென்று தடதடவென உதறி, செத்துப்போன மாதிரி திணறியது. எதிரே வளைவிலிருந்து ஒரு டிப்பர் லாரி முளைத்தது. கோகிலவாணி அலறிவிட்டாள். திருமூர்த்தி காலை எடுத்து, பிரேக்கை மிதித்து, பஸ்ஸின் வால்பக்கம் வண்டியை ஒடித்துச் செருகினார். டிப்பர் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு உரசாத குறையாகப் போனது.

புளியமரத்து நிழலில் ஓரங்கட்டினார்கள். அவளுடைய செல்போன் கிணுகிணுத்தது. வாரியம்தான்; பிளக்கின் சில்லு அதற்குள் சொல்லிவிட்டிருந்தது.

'தங்கள் கையால் பொருத்தப்பட்ட பிளக்குகளில் கோளாறு ஐயம். ஒரு மணி நேரத்துக்குள் தாங்களே சரிசெய்தால் கணக்கில் ஏறாது.'

"கழட்டறேன்," என்று அவள் கதவைத் திறந்தாள். "மாமா, எந்திரீங்க, மூடியெத் தெறங்க, இல்ல வேண்டாம், நீங்க தொடாதீங்க, ஸ்பேனர் எங்க வெச்சீங்க?"

"சூடா இருக்குது வாணி. இப்பக் கழட்டக் கூடாது."

"ஒரு மணி நேரந்தாங்க இருக்குது!"

"அரை மணி ஆறட்டும். மரெ பேந்துதுன்னா ஒரு வருசம் இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது." அவர் போய் மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார். ஒன்பது வருடமாக ஓரிடத்தில் உட்காராத மனுஷன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது அலைவது அவள் முறையாயிற்று. மரத்துக்கும் வண்டிக்கும் நடந்தாள். போனைப் பார்த்தாள். எஞ்சினை ஊதினாள், அது என்ன சுடுசோறா?

"காயிலெ வேணும்னா உருவிப் பாரு. அதுக்குச் சூடு பாதகமில்ல," என்றார்.

துணியைச் சுற்றி முதல் காயிலை உருவினாள். பீங்கானின் மேல் தொப்பி மாதிரி கவிழ்ந்திருக்கும் அதன் ரப்பர் முனையை வெயிலில் பிடித்தாள். கையில் ஸ்பேனர் இல்லாததால் திருமூர்த்தி தைரியமாகப் பக்கத்தில் வந்து குனிந்தார். ரப்பரின் உட்புறம் செம்மையாக ஒரு தீற்றல். அதன் நடுவில் முடி போல ஒரு கரிக்கோடு.

அவர் தலையைச் சாய்த்து அந்தக் கோட்டை முனையிலிருந்து முனைவரை பார்த்தார்.

"பொட்டு வெச்சியா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பயமா இருந்துதுங்க. நான் டாக்டரு, எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்... வெறும் குங்குமந்தானேன்னு..."

"குங்குமத்து மேல தப்பில்ல. வைக்கிற எடந்தான் தப்பு. பொறி ஓடறதுக்கு அது எலிவளை. சும்மா நிக்கறப்பத் தெரியாது. அழுத்தி ஓட்டறப்பத்தான் தெரியும்." திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் குரல் எங்கோ போயிருந்தது. "இதே கோட்டெ நான் முன்னயே பாத்திருக்கேன்."

"எங்க?"

"வாரியத்துல. பூபாலன் வண்டிப் பிளக்கெ விசாரணையில என் கையில குடுத்தாங்க. பீங்கான்ல செகப்பா ஒரு தீத்தலு, நடுவுல இதே கரி. அவங்க துரு, தூசுன்னு என்னமோ எழுதுனாங்க. எனக்குத் தெரியும் அது என்னன்னு."

"சொல்லலீங்களா?"

"என்னன்னு சொல்றது? அன்னைக்கு நான் அவிங்க ஷெட்டுல வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். பிளக்கு நாலும் துணியில இருந்துச்சு. சுகந்தி ஆரத்தித் தட்டோட வந்தா, நீயுங்கூட வந்தயே. அவதான் வெச்சிருக்கோணும். பொறவு நான் எந்திரிச்சு வந்து, பாக்காம மாட்டிட்டேன். புருசனெப் பறிகுடுத்துட்டு, கைக்கொழந்தையோட நிக்கறா. அவகிட்டப் போயி, அம்மிணி, நீ வெச்ச பொட்டுதான் உன் புருசனெக் கொன்னுச்சுன்னு சொல்லுவனா? கேட்டா அவ உசுரோட இருப்பாளா? பாக்காம மாட்டுனது நான்தானே. என் கைதான். போட்டும்னு உட்டுட்டேன்."

மில் பஸ் ஒன்று கடந்து போனது. கோகிலவாணி காயிலை மெல்லக் கீழே வைத்தாள்.

அந்த ஷெட் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சுகந்தி வண்டியின் முகப்புக்கு ஆரத்தி சுற்றினாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். உள்ளே குழந்தை வீறிட்டது. 'அக்கா, இதெப் புடிங்க, சாமானுக்கெல்லாம் நீங்களே வெச்சிருங்க' என்று தட்டை நீட்டிவிட்டு ஓடினாள். தட்டை வாங்கியவள் இவள். ஸ்பேனருக்கு, திருப்புளிக்கு, துணியில் கிடந்த நாலு வெள்ளைப் பீங்கானுக்கு, ஒன்று விடாமல் பொட்டு வைத்தவள் இவள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். இவருக்குத் தெரியப்போவதே இல்லை. எந்தச் சில்லும் பொட்டு வைத்த விரலைப் படிக்கவில்லை. நாளைக்குத் தியேட்டர் கதவு திறக்கும். அவர் முகத்தைப் பார்த்தாள். தப்பாக ஒருத்தியை நினைத்து, அவளுக்காக ஒன்பது வருடம் வசவு வாங்கின முகம்.

"மாமா, சுகந்தி வெக்கலீங்க."

அவர் நிமிர்ந்தார்.

"கொழந்தெ அழுதுதுன்னு தட்டெ என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. நான்தான் வெச்சேன். நாலுக்கும் நான்தான்."

திருமூர்த்தி விலகினார். ரோட்டோரம் வரை போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னால் கட்டியிருந்த கை விரல்கள் பிரிவதும் சேர்வதுமாக இருந்தன. அவர் என்ன நினைத்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. கோபம் வந்தால் கத்தட்டும், அடிக்கட்டும் என்றுகூட அவள் காத்திருந்தாள். திரும்பி வந்தவர் எஞ்சினின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஆறிருச்சு. கழட்டு," என்று சொல்லிவிட்டு மூன்றடிக்கு அப்பால் போய் நின்றார்.

கழற்றினாள். கைப்பையிலிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, பீங்கானையும் ரப்பரையும் துடைத்தாள். ஒவ்வொரு பிளக்கையும் வெயிலில் தூக்கி அவருக்குக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ம்" என்ற பிறகே மாட்டினாள். ஒரு நடுக்கம்கூட இல்லை அந்தக் கையில். அதைப் பார்த்தபோது அவளுக்கே தன் கை மேல் அருவருப்பாக இருந்தது. செல்போன் கிணுகிணுத்தது. 'ஐயம் நீங்கியது. தங்கள் கை: தொண்ணூற்றேழு.'

மலை ஏறும்போது வண்டி கத்தி மாதிரி போயிற்று. ஒரு திணறல் இல்லை. பூபாலன் போன அந்த வளைவு வந்ததும் அவர் நிறுத்தினார். இறங்கி, தடுப்புச் சுவரில் கையை வைத்துச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்து, வண்டியைத் திருப்பப் போனார்.

"திருப்பாதீங்க. கோத்தகிரிக்குப் போங்க. சுகந்தி வூட்டுக்கு."

"எனத்துக்கு?"

"சொல்லோணும்."

"வேண்டாம் வாணி. அவ வாரியத்துல சொன்னாப் போச்சு, உன் கை போயிரும். எத்தனெ பேருக்குக் கண்ணு குடுக்கற கை! போனது போச்சு. நான் ஒம்போது வருசமாப் பழகிட்டேன்."

"எங்க பழகுனீங்க? குழாய்கிட்டச் சண்டெ போட்டுட்டு இருக்கீங்க! வாரியத்துக்கு அவ சொல்ல வேண்டியதில்ல, நானே சொல்றேன். ஆனா மொதல்ல அவளுக்குத் தெரியோணும். உங்களெத் திட்டுன வாயி அது."

அவர் ஸ்டியரிங்கை நேராக்கினார். பிறகு கியரைப் போட்டார்.

கோத்தகிரி பஸ் நிலையத்துக்குக் கீழே சுகந்தியின் டீக்கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை, டூரிஸ்ட் கூட்டம் நெரிகிறது, ஆனால் கடைப் பலகை பாதி சாத்தியிருந்தது. வாசலில் நிரம்பிய சிலிண்டர் ஒன்று கிடந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த சுகந்தி முதலில் காரைப் பார்த்தாள். பிறகு திருமூர்த்தியைப் பார்த்தாள். முகம் இறுகியது. கதவின் மேல் கையை வைத்தாள்.

"சுகந்தி, சாத்தாதே," என்று கோகிலவாணி முன்னால் வந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு ஷெட்டுல கொழந்தெ அழுதப்போ, ஆரத்தித் தட்டெ யாரு கையில குடுத்தே?"

சுகந்தி யோசித்தாள். "உங்க கையிலதானுங்க்கா. எனத்துக்குக் கேக்கறீங்க?"

கோகிலவாணி சொன்னாள். நின்ற இடத்திலேயே, மூச்சு விடாமல், பொட்டையும் பீங்கானையும் கரிக்கோட்டையும் சொன்னாள். இவர் விசாரணையிலேயே அதைப் பார்த்துவிட்டதையும், சுகந்தி வைத்த பொட்டு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டதையும் சொன்னாள். ஒரு இடத்தில்கூடத் தன்னைச் சமாதானப்படுத்திச் சொல்லவில்லை.

சுகந்தி அவளைப் பார்க்கவே இல்லை. திருமூர்த்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானுன்னு நெனச்சுட்டா அத்தனெ பேச்சும் வாங்கிட்டு நின்னீங்க மூர்த்தியண்ணா?"

"பாக்காம மாட்டுனது நான்தானேம்மா."

"மண்ணெ வாரி எறச்சனே... ஒரு வார்த்தெ, ஒரே ஒரு வார்த்தெ சொல்லியிருக்கக் கூடாதா?" சுகந்தியின் உதடு துடித்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அப்புறம் சட்டென்று திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சிலிண்டர் வந்து ரெண்டு நாளாச்சு. கடை அடுப்புக்கு எம்பது கை வேணுமாம், எனக்கு அறுவதுதான். கொண்டாந்து போட்டவன் மாட்ட மாட்டேன்னு ஓடிட்டான். மூர்த்தியண்ணா, வந்து மாட்டிக் குடுங்க."

திருமூர்த்தி வாசலிலேயே நின்றார். "என் கை சுழிம்மா."

"எனக்குத் தெரியாதாக்கும்? வாங்க."

"வாரியத்துக்குப் போயிருமே."

"போகட்டும். கேட்டா நான் பேசிக்கறேன்."

"நான் மாட்டறேன் சுகந்தி, எனக்குத் தொண்ணூத்தே..." என்று கோகிலவாணி ஓரடி எடுத்து வைத்தாள்.

"நீங்க இருங்க்கா," என்றாள் சுகந்தி. கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தச் சாதாரணத்தைக் கேட்டு, கோகிலவாணி எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

திருமூர்த்தி பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தார். அவற்றைப் புதிதாகப் பார்ப்பது போல ஒருமுறை பார்த்துவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் வாசலில் நின்றாள். செல்போனில் வாரியத்தின் பக்கத்தைத் திறந்து, தன் பெயரையும் அந்தப் பழைய தேதியையும், பொட்டு வைத்தது தான்தான் என்பதையும் எழுதி அனுப்பினாள். நாளைக்குக் காத்திருக்கிற கண்களை இனி வேறு கைதான் தொட வேண்டும். உள்ளே ரெகுலேட்டர் 'டக்' என்று உட்கார்ந்தது. அடுப்பு குப்பென்று பற்றிக்கொண்டது. பால் பொங்குகிற வாசனை வந்தது.

மேடை மேல் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது டம்ளருக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.